ஆன் ஆகாத லேப்டாப்

லாரன்ஸ் எழுந்தான். தண்ணீர் மோட்டாரைப் போட்டான். பாலைக் காய்ச்சினான். மேசைமேல் இருந்த, மனைவி ஃப்ளோராவின் லேப்டாப்பைத் திறந்து பொத்தானை அழுத்தினான்.

விளக்கு எரிந்தது. விசிறி முனகியது. பீப் பீப் என்று கத்தியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. மூடி வைத்துவிட்டு நிதானமாக டீயைக் குடித்தான். ஒரு வாரமாகக் காலையில் இதுதான் வேலை.

"ஆச்சா மாப்ளே?"

ஆட்டோ சத்தமும் மாமியார் அன்னமேரியின் குரலும் வாசலுக்குச் சேர்ந்தே வந்தன. அவர் கையில் வழக்கமான ஃபிளாஸ்க்.

"இல்ல அத்தை. அது அவ்ளோதான் போல. வயசாயிடுச்சி."

"எனக்குந்தான் வயசாயிடுச்சி. தூக்கியா போட்டுட்டீங்க? கெளம்புங்க, ஜங்ஷன் ரோட்டுல ஒரு பொண்ணு நல்லா ரிப்பேர் பாக்குதாம். அதுக்கு முன்னாடி இத ஒரு மொடக்கு குடிங்க."

ஃபிளாஸ்க் மூடியில் நிலவேம்புக் கசாயத்தை ஊற்றி நீட்டினார். லாரன்ஸ் முகம் கோணியது.

"அவளமாரியே பண்றீங்க. சொட்டு வைக்கக்கூடாது."

ஃப்ளோரா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. டெங்கு. கடைசி நாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து, 'உன் பிறந்தநாளுக்கு லேப்டாப்பில் ஒரு வீடியோ எடுக்கிறேன்' என்று துபாயிலிருக்கும் தம்பி சகாயராஜுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். வீடியோ போய்ச் சேரவில்லை. மதியம் தூங்கியவள் எழுந்திருக்கவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் பேச்சுவாக்கில் சகாயராஜ் இதைச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அன்னமேரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. லேப்டாப்பில் மகள் இருக்கிறாள், பேசுகிறாள், தான் இன்னும் கேட்கவில்லை. அப்படி ஒரு வீடியோ இருப்பதே தனக்குத் தெரியாது என்றுவிட்டான் லாரன்ஸ்.

ஆட்டோ கிளம்பியதுமே அன்னமேரி ஓட்டுநரிடம் ஆரம்பித்தார்.

"எம் பொண்ணு கடசியா என்ன கேட்டுச்சு தெரியுமா தம்பி? 'அம்மா வருமா, அம்மா வருமா'ன்னு கேட்டுக்கிட்டே தூங்கிடுச்சி. நான் போயி பாக்கறேன், கண்ண மூடி படுத்திருக்குது. எழுப்ப மனசு வரல. அப்புறம் மாப்ளதான் சொன்னாங்க, இப்பிடி கேட்டுக்கிட்டே இருந்தான்னு."

ஓட்டுநர் உச்சுக் கொட்டினார். கோயிலில், சந்தையில், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் என்று எல்லாரிடமும் சொல்லியாயிற்று. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அன்னமேரி இந்த ஒரு வருடத்தைக் கடந்திருந்தார். லாரன்ஸ் மடியிலிருந்த லேப்டாப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

கடையில் கவிப்ரியா திருகாணிகளைக் கழற்றி, பிரஷ்ஷால் விசிறியைத் தட்டினாள். வெள்ளையாகப் பொடி பறந்தது.

"இத வச்சிருந்தவங்க செராமிக் கம்பெனில வேல பாத்தாங்களா?"

"அங்க ஆபீஸுல," என்றான் லாரன்ஸ்.

"ஆபீஸுலயேவா? இதுல இருக்கற மண்ண கொழச்சா ஒரு கப்பும் சாசரும் பண்ணிடலாம்ணா."

அன்னமேரி வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து நாளாயிற்று.

கவிப்ரியா உள்ளே குனிந்து பார்த்தாள். "ஏண்ணா, ரேம் கழண்டு நிக்குதே."

"அப்பிடின்னா?" என்றார் அன்னமேரி.

"அது சரியா ஒக்காரலன்னா இதுக்கு ஒண்ணும் நெனப்பு வராதும்மா. ஆனா ரெண்டு பக்கமும் கிளிப்பு இருக்குது. தானா கழலாது."

"வூட்டுல எலி இருக்குது," என்றார் அன்னமேரி.

"கிளிப்ப வெலக்கிட்டு கழட்டற எலியாம்மா?" கவிப்ரியா சிரித்துக்கொண்டே அதை அழுத்தி உட்காரவைத்தாள். 'டக்' என்றது. பொத்தானைத் தொட்டாள்.

இந்த முறை பீப் சத்தம் இல்லை. திரை நீலமாக விடிந்தது. அன்னமேரி சிலுவை போட்டுக்கொண்டார்.

"வூட்டுக்குப் போயி பொறுமையா பாக்கலாம் அத்தை."

"ஒரு வருஷம் பொறுத்தது போதாதா? போடும்மா. எம் மவன் பேரு சகாயராஜ், அந்தப் பேருல எங்கியாச்சும் இருக்கும், தேடு."

"தேடவே வேணாம்மா, மொதல்லயே நிக்குது. போன வாரம் வரைக்கும் தெனமும் பாத்திருக்காங்க."

அன்னமேரி மெல்லத் திரும்பி மருமகனைப் பார்த்தார்.

"தெரியாதுன்னீங்க?"

"அழிக்க மனசு வரல அத்தை."

"எதுக்கு அழிக்கணும்?"

லாரன்ஸ் ஃபிளாஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் கவிப்ரியா வீடியோவை ஓடவிட்டிருந்தாள்.

திரையில் ஃப்ளோரா. கையில் ட்ரிப்ஸ் ஊசி. தலையை மட்டும் ஒழுங்காக வாரியிருந்தாள். "டேய் சகாயம், பொறந்தநாள் வாழ்த்து. கேக்கு பூரா நீயே தின்னுடாத. எனக்கு ஒரு துண்டு ஃப்ரிட்ஜுல வையி, நான் வந்து பாப்பேன்."

அன்னமேரி விரலால் மகளின் கன்னத்தைத் தொட்டார். "சத்தத்த ஏத்தும்மா."

கவிப்ரியா ஏற்றினாள்.

வராந்தாவில் யாரோ செருப்பைத் தேய்த்து நடந்து வரும் சத்தம் கேட்டது. ஃப்ளோரா பேச்சை நிறுத்தி, கழுத்தை நீட்டிச் சன்னல் வழியாகப் பார்த்தாள். அவசரமாகப் படுத்துப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். லேப்டாப்புக்குப் பின்னால் நின்ற புருஷனைப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"ஏங்க, அம்மா கசாயத்தோட வருது, நான் தூங்கிட்டேன்னு ஏதாச்சும் சொல்லி சமாளிங்க."