சேர்த்துவிட்டேன்

வாய்க்காலில் நாளை தண்ணீர் விடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், கரை வளையில் குட்டிகளோடு இருந்த கீரிக்கு நீர்நாய் கொக்கிடம் சொல்லியனுப்பியது.

கொக்கு திரும்பி வந்து, "சேர்த்துவிட்டேன்" என்றது. நீர்நாய் நிம்மதியாக மீன் பிடிக்கப் போனது.

மறுநாள் கீரி நனைந்து நடுங்கி வந்தது. வாயில் ஒரே ஒரு குட்டி. மற்ற இரண்டும் வெள்ளத்தோடு போய்விட்டன.

நீர்நாய் பாய்ந்து கொக்கின் கழுத்தைப் பிடித்தது. "யாரிடமடா சொன்னாய்?"

"வளை வாசலில் சொன்னேன். உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலையா?"

"திருகிவிடுவேன்!"

கீரி குட்டியைக் கீழே வைத்தது. "இவன் வந்தபோது நான் இரை தேடப் போயிருந்தேன், அண்ணா. நீ சொல்லியனுப்பியதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று இவனிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?"

நீர்நாய்க்குக் கோபம் அடங்கவில்லை. ஆனால் கொக்கின் கழுத்தை விட்டுவிட்டது.