இன்னும் பன்னிரண்டு நிமிஷம்

"எடுத்ததை எடுத்த இடத்துல வை, இல்லேன்னா..." என்று அம்மா சொல்வாள். மீதி அவனுக்குச் சரியாக ஞாபகமில்லை. நீ அதைத் தேடி அலைவே என்றாளா, அது உன்னைத் தேடி வரும் என்றாளா?

அம்மா போய் இரண்டு வருஷம். காரியம் முடிந்த கையோடு விமானம் ஏறியவன், இப்போதுதான் லீவில் வந்திருக்கிறான். வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரே வழக்கு, அப்பாவின் போன்.

முன்பெல்லாம் திரையின் கீழே உள்ள சதுரத்தைத் தொட்டால், திறந்து வைத்த செயலிகள் சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றின் பின் ஒன்றாக ஒளிந்து நிற்கும். போன வாரம் வந்த அப்டேட், அத்தனையையும் பெரிய கட்டங்களாக ஒரே திரையில் பரப்பிவிட்டது.

"பளிச்சுன்னு எவ்வளவு வசதியா இருக்கு," என்றாள் அக்கா, துவைத்த துணிகளைக் கூடத்து நாற்காலியில் குவித்தபடி.

"வசதியாம். எவன் கேட்டான்?" என்றார் அப்பா.

கம்பெனிக்குத் தினமும் கருத்து எழுதுகிறார். தினமும் ஒற்றை நட்சத்திரம். தினமும் அதே வரி: 'பின்னாடி இருக்க வேண்டியது முன்னாடி வந்து நிக்குது. தயவு செய்து பின்னாடி அனுப்புங்க.'

"படிக்கிறவன் பயந்துடுவான்ப்பா. பேய் புகார் மாதிரி இருக்கு," என்றான் அவன்.

அப்பா சிரிக்கவில்லை.

"பழையபடி மாத்திக்கலாம். குடுங்க, ஒரு நிமிஷத்துல பண்றேன்."

"நீ தொடாதே. எப்படின்னு வாயால சொல்லு."

"வாயால சொன்னா உங்களுக்குப் புரியாது."

"அப்ப வேண்டாம்." போனைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

அக்கா மடித்த துணிகளை அதே நாற்காலியில் அடுக்கினாள். அவனுக்குச் சுருக்கென்றது. அம்மாவின் உயிர் பிரிந்த நாற்காலி அது. அன்றைக்கு அவன் ஊருக்கு வருவதாக இருந்தது. கடைசி நேரத்தில் ஆபீஸ் வேலை என்று விமானம் ஏறவில்லை. ஏறவில்லை என்று வீட்டுக்குச் சொல்லவும் நேரமாகிவிட்டது. அதற்குள் அக்காவே கூப்பிட்டாள். "கூடத்துல நாற்காலியில உட்கார்ந்தா. அப்படியே போயிட்டாடா."

அந்த நாற்காலி இவளுக்குத் துணி போடுகிற இடம். மனுஷங்களுக்கு எவ்வளவு சீக்கிரம் எல்லாம் பழகிவிடுகிறது.

சாயங்காலம் அப்பாவின் அறையில் விளக்குப் போடவில்லை. போன் வெளிச்சம் மட்டும் அவர் தாடையில் நீலமாக அடித்தது.

"இன்னும் பன்னிரண்டு நிமிஷம்தான்," என்று யாரிடமோ தணிந்த குரலில் சொன்னார்.

அவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். "யாருப்பா வராங்க?"

வெளிச்சம் அணைந்தது. "யாரும் வரல. நீ போ."

பன்னிரண்டு நிமிஷம் கழித்து யாரும் வரவில்லை. மறுநாள் அதே நேரம், அதே இருட்டு, அதே குரல். "இன்னும் பன்னிரண்டு நிமிஷம்தான்." அதற்கு மறுநாளும் பன்னிரண்டுதான், ஒன்று கூடக் குறையவில்லை.

"அக்கா, அப்பாவுக்கு மனசு சரியில்லையோ?"

"வயசாச்சு. விடேன்," என்றாள் அவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நான்காம் நாள் காலை அப்பா குளிக்கப் போனார். மேஜை மேல் போன் கவிழ்ந்து கிடந்தது. பாவம், மாற்றித்தான் கொடுப்போமே என்று எடுத்தான். விரல் தெரியாமல் சதுரத்தில் பட்டுவிட்டது.

கட்டங்கள் பரவின. வங்கி, வானிலை, மருந்துக் கடை, செய்தி. கடைசியில், வெளியே கிளம்பியவர் எங்கே போய்க்கொண்டிருக்கிறார் என்று வீட்டில் இருப்பவருக்குக் காட்டும் ஒரு வரைபடம். உள்ளே போய்த் தொடாமல் விட்டால், கடைசியாகப் பார்த்தபோது எப்படி இருந்ததோ அப்படியே உறைந்து நிற்கும் படம்.

சாலையின் நடுவே ஒரு வட்டம். வட்டத்துக்குள் அம்மாவின் முகம், சின்னதாக, சிரித்தபடி.

கீழே எழுதியிருந்தது: 'விமான நிலையம், வருகை வாயில். சென்று சேர 12 நிமிடம்.'

தேதியைப் பார்த்தான். அவன் வராமல் போன அந்த ஞாயிற்றுக்கிழமை.

கூடத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தான். அதில் துணிகள் இருந்தன. சும்மா ஒரு நாற்காலி.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. போனைக் கவிழ்த்து வைப்பதற்குள் அப்பா துண்டோடு வந்துவிட்டார். அவன் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.

"பாத்துட்டியா?"

இரண்டு வருஷமாக மூடவும் மனசு வராமல், அவன் கண்ணில் படவும் விடாமல் காத்து வைத்திருந்த மனுஷன், பரீட்சையில் பிடிபட்ட பையன் மாதிரி நின்றார்.

"என்னத்தைப்பா? கண்ணாடி போடல, எனக்கு எல்லாம் புகைமூட்டமா தெரியுது. இந்தாங்க, நீங்களே அழுத்துங்க. நான் வாயால சொல்றேன்."

அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொன்னான். அமைப்புகள். திரை. பழைய தோற்றம். சரி.

"போயிடுச்சா?" என்றார் அப்பா.

"பின்னாடி போயிடுச்சுப்பா. உள்ளேதான் இருக்கும்."

அப்பா சதுரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "ஐந்து நட்சத்திரம் எப்படிப் போடுறது?" என்று கேட்டார்.

அம்மா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் போனாள் என்று கடைசிவரை நம்புவதென அவன் முடிவு செய்தான்.