முதுகில் இரண்டு தட்டு

மகனின் காது டெஸ்ட் ரிப்போர்ட் வரவேண்டிய நேரம் பார்த்து, பறவை பார்க்கப் போகலாம் என்று கிளம்பச் சொன்னாள் என் நாத்தனார்.

அந்த மலைக் கிராமத்து ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். கீழே டவுனில் டெஸ்டுக்கு ஏற்பாடு செய்ததும் அவள்தான். ரிப்போர்ட்டும் அவள் போனுக்குத்தான் வரும். அதற்காகத்தான் நான்கு நாளாக நானும் இரண்டரை வயது மகனும் அவள் வீட்டில் காத்துக் கிடந்தோம்.

"எனக்குச் சாப்பாடே இறங்கல. இப்பப் போய்க் குருவி பாக்கணுமா?" என்றேன்.

"வீட்டுல உக்காந்து என் போனையே முறைச்சுக்கிட்டு இருந்தா சீக்கிரம் வந்துடுமா அண்ணி? செருப்பைப் போடுங்க."

கல்நெஞ்சுக்காரி. அவளுக்கென்ன, பெற்றவளா?

வாசலில் ஒரு கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். ஊருக்கு வருகிறவர்களைப் பறவை பார்க்கக் கூட்டிப்போவதுதான் அவர்கள் தொழில். கணவர் கழுத்தில் பைனாகுலர். அந்த அம்மாள் கையில் ஒரு மெல்லிய குச்சி.

கிளம்பும்போதே அந்த அம்மாள் சட்டம் போட்டுவிட்டார். பாதையில் ஏறிவிட்டால் யாரும் வாய் திறக்கக் கூடாது. எதுவானாலும் கையால் காட்ட வேண்டியதுதான்.

எனக்கும் அது வசதிதான். 'பையன் ஏன் பேசமாட்டேங்கிறான்' என்று கேட்பார்கள். 'கூச்ச சுபாவம்' என்று நான் புளுக வேண்டியிருக்கும். அது மிச்சம்.

கணவர் முன்னால் நடந்தார். ஒட்டினாற்போல் பின்னால் மனைவி. பத்தடிக்கு ஒருமுறை குச்சியால் அவர் முதுகில் தட்டினார். இடது தோளில் ஒன்று, வலது தோளில் இரண்டு, ஏதோ மாட்டை ஓட்டுகிற மாதிரி. அந்த மனிதர் முகம்கூடச் சுளிக்கவில்லை. தட்டிய பக்கம் திரும்பி நின்று தேடினார். கொஞ்ச நேரத்தில் மரப்பட்டையின் நிறத்திலேயே பட்டையோடு ஒட்டியிருந்த மரங்கொத்தியைக் காட்டினார்.

நாலு பேர் எதிரில் புருஷனை இப்படியா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாத்தனாரோ எதையும் பார்க்காதவள் போல வந்துகொண்டிருந்தாள்.

மகன் என் கையை உதறிவிட்டு அவரிடம் ஓடினான். அவர் விரல் நீட்ட, இவனும் நீட்ட, இரண்டு பேரும் ஒரு கட்சி ஆகிவிட்டார்கள். ஒருமுறை இவன் அவர் முழங்காலைத் தட்டினான். அவர் சட்டென்று குனிந்தார். புதருக்குள் துளியூண்டு ஈப்பிடிப்பான் குருவி. எங்கள் எல்லோருக்கும் முன்னால் என் மகன்தான் அதைப் பார்த்திருந்தான்.

யாருமே பேசாத அந்தப் பாதையில் அவன் எல்லோரையும் போலத்தான் இருந்தான்.

உச்சிப் பாறையில் உட்கார்ந்ததும், இனிப் பேசலாம் என்றார் அந்த அம்மாள். பையனைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொன்னேன் அவர் கணவரிடம். திரும்பவில்லை. 'சார்' என்று உரக்கக் கூப்பிட்டேன். ம்ஹூம். குழந்தை தட்டினால் குனிகிறவர், பெரியவர்கள் கூப்பிட்டால் திரும்பமாட்டாரோ?

அடக்க முடியவில்லை. "அவருக்கு எங்க மேல ஏதாவது கோவமா? வழியெல்லாம் குச்சியால இடிச்சா யாருக்குத்தான் வராது?" என்று அந்த அம்மாளிடமே கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "கோவமெல்லாம் இல்லம்மா. பிறந்ததுலேருந்து அவருக்குக் காது கேக்காது. பறவை எந்தப் பக்கம் கூவுதுன்னு நான் தட்டிச் சொல்வேன். தேடிப் பிடிக்கிற கண்ணு எனக்கு இல்ல. அது அவரு இலாகா."

நான் திரும்பி என் மகனைப் பார்த்தேன்.

"வீட்டுல… எப்படிப் பேசிக்குவீங்க?"

"கையாலதான். சண்டையும் கையாலதான். தோக்கப் போறோம்னு தெரிஞ்சா மட்டும் கண்ணை இறுக மூடிக்குவாரு. அப்புறம் நான் யாரைத் திட்டுறது?"

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். எத்தனை நாள் ஆயிற்று.

காதல் கல்யாணமாம். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. இரண்டு பெண்கள், மூத்தவள் காலேஜில். நான் தோண்டிக் கேட்கக் கேட்க அந்த அம்மாள் சொல்லிக்கொண்டே போனார். என் மகன் என்ன வேலை பார்ப்பான், யார் கட்டிக்கொள்வார்கள், எனக்குப் பிறகு யார் என்று விடிய விடிய என்னைத் தின்றுகொண்டிருந்த ஒரு கேள்வியையும் நான் அவரிடம் கேட்கவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் பதில் வந்துவிட்டிருந்தது.

இறங்கும்போது நாத்தனாரின் பக்கத்தில் போய் நடந்தேன்.

"இன்னிக்காவது ரிப்போர்ட் வந்துடுமா?"

காலையில் இருந்த நடுக்கம் என் குரலில் இல்லை. அவளும் அதைக் கவனித்திருக்க வேண்டும். என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நேத்தே வந்துடுச்சு அண்ணி."