வாதத்தில் ஓட்டை

"அம்மணி, நாளையிலிருந்து நீங்க வர வேண்டாமுங்க. தீபக், நீங்களுந்தான்."

ரம்ஷாவுக்குக் கண்ணைக் கட்டியது. சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு இன்னும் மூன்றே வாரம். சரவணம்பட்டியில் இந்த மையத்தை விட்டால் அதற்கு வேறு பயிற்சி மையமும் கிடையாது. கோவிந்தராஜுலு சார் இவ்வளவு மரியாதையாகப் பேசினால், கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

"நான் காப்பியடிக்கலீங்க சார்."

"நேத்து வச்ச டெஸ்ட்ல கடைசி அஞ்சு கேள்வியை இருபத்திரண்டு பேர் சரியா எழுதியிருக்காங்க. நீங்க ரெண்டு பேர் மட்டும் தப்பு. அதுவும் அஞ்சுலயும் ஒரே தப்பு! பக்கத்துப் பக்கத்து பெஞ்சு வேற. இதுக்கு என்னங்க பேரு?"

"வாயே தொறக்க மாட்டா சார். எல்லாம் ஊமைக் குசும்பு," என்றாள் முன் பெஞ்சு பிரீத்திகா. வகுப்பு கொல்லென்று சிரித்தது.

ஆறு மாதமாக ஒரு சந்தேகம்கூடக் கேட்டிராத ரம்ஷா எழுந்து நின்றாள்.

"உங்க வாதத்துல ஓட்டை இருக்குங்க சார்."

சிரிப்பு நின்றது.

"ரெண்டு பேர் ஒரே மாதிரி எழுதினா காப்பின்னு ஆயிருமுங்களா? ரெண்டு பேரும் சரியா எழுதினாலும் ஒரே மாதிரித்தானுங்க இருக்கும்."

"அப்ப என்னோட ஆன்சர் கீ தப்புங்கறீங்களா?"

"பதினேழாவது கேள்வியைப் பாருங்க சார். 'பந்த் நடந்தால் கடை மூடியிருக்கும். கடை மூடியிருக்கிறது. ஆகவே இன்று பந்த்.' இந்த வாதத்துல தப்பே இல்லைன்னு கீயில இருக்குது. எங்க அத்தா வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் போறப்ப போத்தனூர்ல கடையைச் சாத்திப்போட்டுத்தான் போறாரு. வாராவாரம் பந்துங்களா?"

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கீயை வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தார்.

"அடடா! கம்ப்யூட்டர்ல பதினஞ்சாவது விடையை ரெண்டு தடவை அடிச்சுப்போட்டேன். அதுக்கப்புறம் எல்லாமே ஒரு வரி கீழே எறங்கிப்போச்சு. தப்பு எம்மேலதான் கண்ணு. உங்க ரெண்டு பேருக்கும் இருபதுக்கு இருபது!"

தீபக் பெஞ்சை ஓங்கித் தட்டினான். ரம்ஷா உட்கார்ந்தாள்.

மற்ற தாள்களைத் திரும்பத் திருத்த எடுத்த சார், பேனாவை மூடினார். வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க, என் கம்ப்யூட்டர்ல நான் கை தவறி அடிச்ச தப்பு, உங்க இருபத்திரண்டு பேர் தாள்லயும் எப்படிங்க வந்துச்சு?"

இரண்டு தலைகளைத் தவிர மற்ற எல்லாம் குனிந்தன.