ஓசூருக்கு ஒரு தையல் மெஷின்

"இதுவும் சரிப்படாது சக்தி, வண்டியை எடு" என்றபடி கூரியர் ஆபீஸ் படியிறங்கி வந்தார் அர்ஜுனன்.

சக்திவேல் தன் லோடு ஆட்டோவின் ஹேண்டில் மீது நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். பின்னால், பழைய சேலையைச் சுற்றிக் கயிறு கட்டிய தையல் மெஷின் காலையிலிருந்து திருவண்ணாமலையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடி அண்ணாமலைக்கு அவன் குடிவந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. பக்கத்து வீட்டு அர்ஜுனன் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிற விவசாயி. அதிகம் பேசாத மனுஷர். "ஒரு பார்சல் போடணும், பத்து நிமிஷ வேலை" என்று அவர் கூப்பிட்டபோது மணி எட்டு. இப்போது பன்னிரண்டு.

"இங்க இன்னாண்ணா குறை?"

"நாளைக்கே போய்ச் சேர்ந்துடுமாம்."

"அது நல்லதுதானே?"

"அவ்வளவு அவசரமா போனா தூக்கித் தூக்கிப் போடுவாங்க. வார்ப்பிரும்புப்பா. விரிசல் விட்டுச்சுன்னா ஒட்டாது."

முந்தாநாள்தான் பழைய சாமான் விற்கும் ஆப்பில் மெஷினைப் படம் பிடித்துப் போட்டார். பத்தே நிமிஷத்தில் ஓசூரிலிருந்து பாலாஜி என்று ஒருவர் பிடித்துக்கொண்டார். மனைவி தைப்பதற்கு என்றார். பேரம் பேசவில்லை. 'எதில் அனுப்புவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள் சார்' என்று மட்டும் எழுதியிருந்தார். அந்த ஒரு வரி சக்திவேலின் தலையில் வந்து விடிந்தது.

அடுத்து போஸ்ட் ஆபீஸ். அரை மணி நேரம் கழித்து அர்ஜுனன் கையை வீசிக்கொண்டு திரும்பினார்.

"நாலஞ்சு நாள் ஆவும்ங்கறாங்க. அதுவரைக்கும் மெஷின் எங்க கிடக்கும், மழை வந்தா இன்னா ஆவும்?"

"வேகமா போனா உடையும்ங்கறீங்க. மெதுவா போனா நனையும்ங்கறீங்க. பறந்துதான் போவணும்."

அர்ஜுனன் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகச் சொன்னார். பஸ்ஸில் போட்டுவிட்டால் சாயங்காலமே ஓசூர். ஆனால் வாங்குகிற அந்தப் பையன் அங்கே பஸ் ஸ்டாண்டில் வந்து நின்று இறக்கிக்கொள்ள வேண்டும். "பாவம், வெயில்ல நிக்கணும்" என்று அதையும் தள்ளிவிட்டார்.

கடைசியில் செங்கம் ரோட்டில் ஒரு லாரி பார்சல் ஆபீஸ். அங்கே இருந்த ராமதாஸ் தங்கமான ஆள். மரச்சட்டம் அடித்துத் தருகிறேன் என்றார். தார்ப்பாய் போடுகிறோம் என்றார். வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவோம், கீறல் விழுந்தால் நாங்கள் பொறுப்பு என்றார். சக்திவேல் உற்சாகமாகக் கயிற்றை அவிழ்க்கப் போனான்.

அர்ஜுனன் தலையைச் சொறிந்தார். கூரையைப் பார்த்தார். எடை போடும் மெஷினைப் பார்த்தார்.

"லாரி எந்தப் பக்கமா போவும்?"

"செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரிங்க."

"அந்த வழியில பள்ளம் ஜாஸ்தியாச்சே."

"ரோடு பளபளன்னு இருக்குங்க. நேத்துதான் போய்ட்டு வந்தேன்."

"இல்லங்க, எனக்கு மனசு ஒப்பல" என்று எழுந்துவிட்டார்.

வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்று, போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்ட ஆரம்பித்தார். சக்திவேல் எட்டிப் பார்த்தான். 'எந்த பார்சலும் சரியில்லை சார். நேரில் வந்து எடுத்துக்கொள்ளவும். தைப்பவரே வந்து ஓட்டிப் பார்த்து எடுப்பது நல்லது.'

சக்திவேலுக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னாண்ணா இது? நாளைக்குப் பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்துக்காக மத்தியானத்துக்கு மேல நம்ம பக்கம் வண்டியே விட மாட்டாங்கன்னு இன்னிக்கே அலைஞ்சிகினு இருக்கேன். வாசல்லயே இறக்கறேன்னு அந்த மனுஷன் சொல்றாரு. அதை விட்டுட்டு, யாரோ எவரோ, அவரைப் பொண்டாட்டியோட பஸ் ஏறி வரச் சொல்றீங்க. நியாயமா?"

அர்ஜுனன் செய்தியை அனுப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தார். முகத்தில் திருட்டுச் சிரிப்பு ஒன்று வந்து நின்றது.

"யாரோ எவரோ இல்ல சக்தி. அந்தப் பாலாஜி என் மாப்ள."

"மாப்ளையா?" என்றான் சக்திவேல்.

"என் பொண்ணு இனியா அவனைக் கட்டிக்கினு போய் மூணு வருஷம் ஆவுது. வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொன்னவன் நான்தான். இப்ப வாங்கன்னு கூப்பிட வாய் வரல. ஆப்புல அவன் போட்டோவைப் பார்த்ததும் கண்டுபிடிச்சிட்டேன். நான் என் பேரைப் போடல, அவனுக்குத் தெரியாது. பொய் சொல்லி வரவழைக்கவும் மனசு வரல. அதான் ஒவ்வொரு இடமா நிஜமாவே போய், நிஜமாவே ஒரு குறை கண்டுபிடிச்சேன்."

"அந்த ராமதாஸ்கிட்ட ரொம்பக் கஷ்டப்பட்டீங்க" என்றான் சக்திவேல். கோபம் எங்கே போனதென்று அவனுக்கே தெரியவில்லை.

போன் சிணுங்கியது. அர்ஜுனன் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். மறுபடி பார்த்தார். அப்புறம் போனை சக்திவேலிடம் நீட்டி, "நீயே படிப்பா" என்றார்.

சக்திவேல் உரக்கப் படித்தான்.

'சரிங்க மாமா. ஞாயிற்றுக்கிழமை இனியாவோட வர்றேன். படத்தைப் பார்த்ததுமே அது உங்க வீட்டு மெஷின்னு அவ சொல்லிட்டா. மெஷினை யாருக்கும் வித்துடாதீங்க. அவகிட்ட ஏற்கெனவே ரெண்டு மெஷின் இருக்கு, உங்ககூடப் பேச வேற வழி தெரியாமத்தான் வாங்கிக்கறேன்னு சொன்னோம்.'