அட்டைப் படம்

மூன்றாவது வரிசையில் சைமி உட்கார்ந்திருப்பதை ஆர்ட்டு மேடையிலிருந்தே பார்த்துவிட்டான். முதலில் அவள் கைகளைத்தான் பார்த்தான். கோப்பு இல்லை, மடிக்கணினி இல்லை, ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. வெறுங்கையோடு வந்திருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் அவனுக்கு ஒழுங்காக மூச்சு வந்தது.

அன்று அவனுடைய முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. மேடையில் ஒரு பக்கம் அவனுடைய பேராசிரியர் ரைமோ. எதிரே, கேள்வி கேட்பதற்கென்றே சுவீடனிலிருந்து வரவழைத்திருந்த பேராசிரியர் ஸ்டூரே. ஹெல்சிங்கியில் ஒரு காற்றாலை நிறுவனத்தில் பெரிய வேலை அவனுக்காகக் காத்திருந்தது. பட்டம் ஒன்றுதான் பாக்கி.

காற்றாலை இறக்கைகளில் பனி ஒட்டாமல் செய்யும் பூச்சு பற்றிய ஆராய்ச்சி அது. கண்ணுக்குத் தெரியாத நானோ குழல்கள் அதன் மேல் அடர்ந்து நிற்கும். தண்ணீர் பட்டால், இலையில் விழுந்த மழைத்துளி போல உருண்டு ஓடிவிடும். யோசனையும் சைமியுடையது, செய்முறையும் அவளுடையது. ஆர்ட்டு செய்ததெல்லாம், அவளோடு ஒரே ஆய்வகத்தில் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்டு, அவள் கண்டுபிடித்ததைத் தன் பெயரில் ஆய்விதழுக்கு அனுப்பியதுதான்.

அது தெரிந்ததும் சைமி ரைமோவிடம் போய் முறையிட்டாள். "ஆதாரம் இருந்தா கொண்டு வா. இல்லன்னா வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு" என்றார் அவர். ஆதாரத்தை எல்லாம் ஆர்ட்டு அதற்கு முன்பே அழித்துவிட்டிருந்தான். அவளுக்குப் பொறாமைக்காரி என்ற பெயர்தான் மிஞ்சியது.

படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவள் கிளம்பிய அன்று, ஆர்ட்டு பெரிய மனிதனைப் போல வாசல்வரை வந்து கதவைத் திறந்து பிடித்தான். "மூளை மட்டும் இருந்தா பத்தாது சைமி, சாமர்த்தியமும் வேணும்" என்று புத்திமதி வேறு சொன்னான். அவள் பனியில் இறங்கி நடந்தாள்.

போவதற்கு முன் கணினியில் மிச்சமிருந்த தன்னுடையது எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த ஒரே ஒரு படம் மட்டும் தங்கிவிட்டிருந்தது. 'மிகச் சிறந்த மாதிரி' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். அழுகையில் மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று ஆர்ட்டு சந்தோஷப்பட்டான்.

திருடிப் பழகிய கைக்கு அதை விட்டுவிட மனம் வருமா? அவன் செய்த பூச்சில் குழல்கள் கோணல்மாணலாகத்தான் வந்தன. இந்தப் படத்திலோ ஒவ்வொன்றும் செதுக்கி வைத்த மாதிரி நின்றது. ஆய்வேட்டின் அட்டையிலேயே அதைப் போட்டான். உள்ளே அதைப் பற்றி ஓர் அத்தியாயமும் எழுதிவிட்டான்.

ஸ்டூரே நல்ல மனிதர். கேட்டதை விட மெச்சியதுதான் அதிகம். அட்டைப் படம் திரையில் வந்தபோது மட்டும் கொஞ்சம் நின்றார்.

"இந்த மூலையில உதடு மாதிரி ஒரு திறப்பு தெரியுதே, இது எப்படி வந்துச்சு?"

அதற்கும் ஆர்ட்டு பதில் தயாராக வைத்திருந்தான். பூச்சு காயும்போது உள்ளே இருந்த குமிழி உடைந்ததால் வந்த தடம் என்றான். ஸ்டூரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போனார். கடைசியில், பட்டம் வழங்கப் பரிந்துரைப்பதாகச் சொல்லி உட்கார்ந்தார்.

இனி ஒரு சடங்குதான் மிச்சம். ஆய்வேட்டில் குறை காண்பவர் யாராவது இருந்தால் எழுந்து சொல்லலாம் என்று பட்டம் வாங்குகிறவனே சபையைப் பார்த்துக் கேட்க வேண்டும். கேட்பார்களே தவிர, யாரும் எழுந்ததை அந்த அரங்கத்தில் ஒருவரும் பார்த்ததில்லை. எல்லோருடைய நினைப்பும் வெளியே தயாராக இருந்த காப்பியிலும் கேக்கிலும் இருந்தது. ஆர்ட்டு மனப்பாடம் செய்துவைத்திருந்ததை ஒப்பித்து முடித்தான்.

சைமி எழுந்தாள்.

அரங்கமே திரும்பிப் பார்த்தது. ரைமோ முகத்தைச் சுளித்தார். ஆனாலும் முறை முறைதான், பேசச் சொல்லித் தலையசைத்தார். திருடன் என்று கத்தப் போகிறாள் என்று ஆர்ட்டு காத்திருந்தான். கத்தட்டும், ஆதாரம் எங்கே என்று கேட்டால் இன்னொரு தடவை தலையைக் குனிந்துகொண்டு வெளியே போவாள் என்று நினைக்கும்போதே அவனுக்குத் தெம்பு வந்துவிட்டது.

அவள் கத்தவில்லை. மதிப்புக்குரிய ஆய்வாளர் அவர்களே என்று முறைப்படி தொடங்கினாள்.

"அட்டையில இருக்கற படம் நீங்களே எடுத்ததுங்களா?"

"நானேதான் எடுத்தேன்."

"படத்துல இருக்கற பூச்சு? அதுவும் உங்க வேலைதானா? வேற யாருக்கும் அதுல பங்கு இல்லையே?"

இவ்வளவுதானா என்று இருந்தது ஆர்ட்டுவுக்கு. இதற்கா இத்தனை நேரம் பயந்தோம் என்று சிரிப்புகூட வந்தது. கொஞ்சமும் வாய் கூசாமல், கடைசி வரிசைவரை கேட்கும்படி சொன்னான்.

"கரைசல் கலக்கினதுலேர்ந்து காய வெச்சது வரைக்கும் எல்லாம் இந்தக் கையால செஞ்சது. வேற ஒருத்தர் விரல்கூட அதுல படல."

சபையில் இரண்டு பேர் கை தட்டினார்கள். போதுமா என்று ரைமோ சைமியைப் பார்த்துக் கேட்டார்.

அவள் முகத்தில், ஆர்ட்டு எதிர்பார்த்த கண்ணீர் இல்லை. மரியாதையை எல்லாம் விட்டுவிட்டு, பழைய ஆய்வகத்தில் பேசுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"அது எங்க அம்மா தோட்டத்து முட்டைக்கோஸ் இலை, ஆர்ட்டு."