பத்துக்கு ஏழு

சந்திரசூடன் தன் கையாலேயே செய்து பால்கனியில் நிறுத்தியிருந்த இயந்திரம், பார்லியை ஊறவைப்பதிலிருந்து பீரை நுரைக்கவைப்பது வரை எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும். வாராவாரம் வீட்டார் போடும் மார்க்கைப் பார்த்து, அடுத்த வாரம் அது கூடும்படி பக்குவத்தை மாற்றும்.

முப்பதாவது வாரம் ஏதோ தோன்றி அளந்து பார்த்தான். ஆல்கஹால் துளிகூட இல்லை.

பழுதென்று நினைத்துப் பதிவைத் திறந்தான். அவன் போட்டது எப்போதும் ஒன்பதுதான். பக்கத்தில் மனைவி ரேணுகாவின் மார்க்: முதல் வாரம் பூஜ்யம். ஆல்கஹால் குறையக் குறைய அது ஏறிக்கொண்டே வந்திருந்தது.

"நீ ஒரு வாய்கூடக் குடிச்சதில்லையே. எத வச்சு மார்க் போட்ட?"

"நான் பீருக்கா போட்டேன்? அதக் குடிச்சிட்டு நீங்க இருந்த இருப்புக்குப் போட்டேன்."

முதல் வாரம் உடைந்த தட்டு நினைவுக்கு வந்தது. கடைசியாக எப்போது அவளிடம் கத்தினோம் என்று யோசித்தான், நினைவுக்கு வரவில்லை. இயந்திரத்தைப் பிரிக்க எடுத்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"இன்னைக்கு எவ்வளவு?"

"ஏழு."

"மீதி மூணு?"

"சிங்க்ல பாத்திரம் அப்படியே கெடக்கு."

சந்திரசூடன் இயந்திரத்தை ஒரு தட்டுத் தட்டிக்கொடுத்துவிட்டு, சட்டைக்கையை மடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனான்.